காட்டு மான் யாருக்குரியது?

விழாமலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே என்னிடம் எதிர்பார்த்திருப்பர். நான் எடுத்துக்கொண்டதோ மான் வேட்டை. வேட்டையில் எனக்குப் பழக்கமில்லை. துவக்கு ஒன்றைக் கையாலே தொட்டதுமில்லை. ஆயினும் வன்னியிற் கழித்த சில ஆண்டுகளின் பின் இப்பொருள் என்னை விட்டு அகலாதாயிற்று. அதன் காரணத்தை உரிய இடத்திற் கூறுவேன்.

தமிழாசிரியன் தன் பழக்கத்தை முற்றாக விடமுடியாதாகையாற் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். ஆண்மானைக் கலை என்றும், பெண்மானைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் நம் முன்னோர் வழங்கினர். விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்பனவற்றைத் தொகுத்துக் கூறுவதற்கெனவே தொல்காப்பியத்தில் மரபியல் என ஓரியல் உண்டு. தமிழ்நாட்டார் மிளா என்றும் கடமான் என்றும் கூறும் பெரிய மானை ஈழத்துத் தமிழர் மரை என்கின்றோம். மரை என்பது சங்கச் செய்யுளிற் பயிலும் சொல். அது எங்கள் வன்னிக் கிராமத்துப் பிள்ளைகளின் வாயில் இன்றும் உயிரோடிருப்பது கேட்டு மகிழத்தக்கது. அவர்கள் அதனைப் பெரும்பாலும் இறைச்சியின் பெயராகவே அறிந்திருப்பதுதான் வருத்தத்துக்குரியது. மரையை விடப் புள்ளிமான், நாய்போலக் குரைக்கும் சிறுமான், முயலளவே வளரும் சருகுமான் என்பனவும் நம் நாட்டுக் காடுகளில் வாழ்கின்றன. சருகுமானை மானினத்திற் சேராத தனிக் குடும்பமாக விலங்கியலார் கொள்வர். இவற்றுட் களவு வேட்டைக்குப் பெரிதும் இலக்காவன புள்ளிமானும் மரையுமேயாம்.

மானுக்கும் வேட்டுவனுக்கும் நம் சமயக் கதைகளில் நெருங்கிய உறவுண்டு. மான் வயிற்றிற் பிறந்து வேடுவர் குடியில் வளர்ந்தவள் வள்ளி. அவளை வேடனாகி வந்து மணந்தவன் முருகன். அத்திருமணத்தோடு நம் நாட்டவர் இணைத்துப் போற்றும் கதிர்காமத்தை அடுத்தே யால என்னும் பெருங்காடு விரிந்து கிடக்கின்றது. நாம் ஆராயப் புகும் வினாவும் ஒருவகையில் அக்காட்டிலேதான் தொடங்குகின்றது. காட்டிலே திரியும் மான் யாருக்குரியது?

சட்டம் இதற்குத் தரும் விடை விந்தையானது. தோட்டத்து மாடு தோட்டக்காரனுடையது. குளத்து மீன் குத்தகைக்காரனுடையதாகலாம். கட்டின்றித் திரியும் காட்டு விலங்கோ, ஆங்கிலேயரின் பழைய சட்டக் கொள்கைப்படி, பிடிபடும் வரையில் எவருக்கும் உடைமையன்று. அது நிற்கும் நிலத்துக்கு மட்டுமே உடையவன் உண்டு. ஆகவே நிலத்துக்கு உடையவனாயிருப்பவனே வேட்டைக்கும் விதி வகுப்பவனாகின்றான். இங்கிலாந்திலே முதலாம் வில்லியம் 1079 ஆம் ஆண்டளவிற் பெருநிலப்பரப்பொன்றை அரச வேட்டைக்காடாக்கி, மானைக் கொன்ற குடிகளைக் கடுமையாகத் தண்டித்தான். 1723 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் முகத்திற் கரி பூசிக்கொண்டு மான் திருடுவோருக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டமொன்றை இயற்றியது. ஏறக்குறைய நூறாண்டு அச்சட்டம் நிலைத்திருந்தது. குடியானவனுக்குப் பசி, பிரபுவுக்கு மான். அந்நாட்டிற் களவு வேட்டைக்காரன் நாட்டுப்பாடல்களில் வீரனாகப் பாடப்பட்டதற்கு இதுவே காரணம்.

அந்தக் கொள்கையோடு வந்தவர்களே இலங்கையையும் ஆண்டனர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பும் பயிரும் அற்ற நிலம் யாவும், மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்று கூறியது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் வேண்டியிருந்தமையே அதன் உடனடிக் காரணம். மானை எண்ணி எவரும் அதனை வரையவில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் இறைச்சியும் தந்த காடு ஒரே எழுத்தில் முடிக்குரிய காணியாயிற்று. அதற்குள் நுழைந்து வெடிவைத்த கிராமத்தான் குற்றவாளியாவதற்கு வழி திறந்தது.

அதே காலத்தில் அதே காட்டுக்குள் வெள்ளைத்துரைமாரும் நுழைந்தனர். சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவிற் குடியிருந்து, வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, நாய்கள் சூழ்ந்துநின்ற மரையைக் கத்தியாற் குத்திக் கொன்ற கதைகளைத் தாமே நூலாக எழுதி 1850 களில் வெளியிட்டார். அவர் காலத்து ஆங்கிலேயர் மரைக்குத் தம் வடதேசத்து மானொன்றின் பெயரைச் சூட்டியிருந்தனர். பெயரும் பிழை, செயலும் பிழை. இவ்வேட்டைக்குப் பொழுதுபோக்கு என்று பெயர். கிராமத்தான் செய்தாற் களவு.

இவ்வாறு எழுதும்பொழுது கிராமத்தான் குற்றமற்றவன் என்று நான் கூறுவதாக எண்ணலாகாது. கொம்புக்கும் தோலுக்கும் கடல்கடந்த வாணிகம் இருந்தது. கத்திப்பிடி செய்வதற்கு மான்கொம்பு ஏற்றுமதியாயிற்று. வணிகன் விலை கொடுக்குமிடத்தில் அடுப்புக்கு ஒரு மான் என்ற அளவு எங்கே நிற்கும்? இருவகை வேட்டையாலும் மான் அருகியது. அதனை முதலிற் கண்டு அஞ்சியவர்கள், வியப்பாயினும், வேட்டையாடிய துரைமாரேயாவர். 1894 இல் அவர்கள் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்றை அமைத்தனர். அதன் முயற்சியால் 1900 இல் மாணிக்க கங்கைக்கும் கும்புக்கன் ஓயாவுக்கும் இடைப்பட்ட காடு காப்பிடமாயிற்று. அதை அடுத்து, பலட்டுப்பானைக்கும் யாலவுக்கும் இடையிலுள்ள காடோ நாட்டில் வதியும் வேட்டைப் பிரியர்க்கு மட்டும் உரிய வேட்டைக்களமாக ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பும் வேட்டையும் ஒரே கையால் வரையப்பட்ட இரு கோடுகள். இரண்டுக்கும் வெளியே நின்றவன் அவ்விடத்துக் கிராமத்தான்.

அக்காப்பிடத்துக்கு முதற் காவலராக நியமிக்கப்பட்டவரின் கதை ஓர் இடைக்குறிப்புக்குத் தகுதியுடையது. அவர் எங்கல்பிறெக்ற் என்னும் போவர் இனத்தவர். தென்னாபிரிக்கப் போரிற் கைதியாகி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, ஆங்கில முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் நாடு திரும்பமுடியாது இங்கேயே தங்கியவர். முடிக்குப் பணியாதவரிடமே முடிக்குரிய மான்களைக் காக்கும் பணி ஒப்புவிக்கப்பட்டது! முதலாம் உலகப்போர் மூண்டதும், எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பலுக்கு அவர் இறைச்சி கொடுத்தார் என வதந்தி எழ, விசாரணையின்றிச் சிறையில் இடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1914 இற் சென்னையைக் குண்டுவீசித் தாக்கி நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அந்த எம்டன், யால மான்களின் வரலாற்றிலும் இப்படி ஓரிடம் பெற்றது.

கிராமத்தானின் பக்கத்தை அறிய விரும்புவோர் லெனாட் வூல்வ் 1913 இல் வெளியிட்ட, காட்டுக் கிராமமொன்றைப் பற்றிய ஆங்கில நாவலைப் படித்தல் வேண்டும். 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணி தொடங்கிப் பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் அவர். அந்நாவலின் வேடன் காட்டையன்றி வேறொன்றும் அறியாதவன். துவக்குக்கும் சேனைக்கும் உத்தரவு பெறும் வழி ஊர்த்தலைவனின் கையில் அகப்பட்டிருக்க, சட்டம் அவனுக்கு ஒருநாளும் காவலாக வரவில்லை. எதிராளியின் கைக்கருவியாகவே வந்தது.

இக்குறையை ஓரளவு நீக்க முயன்றது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் 1938 இல் யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாயின. அங்கே துரைக்கும் தொழிலாளிக்கும் வேட்டை ஒருங்கே விலக்கப்பட்டது. பூங்காவை அடுத்த இடைநிலை வலயங்களில் உரிமப் பத்திரம் பெற்றோர் வேட்டையாட இடமிருந்தது. 1949 இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் தோன்றியது. சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் பெரியன. இன்று இந்நாட்டில் மான் வேட்டைக்கு உரிமம் வழங்கப்படுவதில்லை. வடக்கிலே 1938 முதற் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளமும், மடு வீதியை அடுத்த காடும் 2015 இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. ஏட்டளவில் மான் முழுப் பாதுகாப்புப் பெற்றுவிட்டது என்றே கூறலாம்.

ஏட்டுக்கு வெளியே நிகழ்வதைக் காண வேண்டுமாயின், வைகாசிக்குப் பின் வன்னிக்குச் செல்லல் வேண்டும். அப்பொழுது மோட்டைகள் வற்றும், குளங்கள் சுருங்கும். பரந்த காட்டிற் சிதறித் திரிந்த மான்கள் எஞ்சிய நீர்நிலைகளை நாடிக் கூட்டங் கூட்டமாக வரும். பாலைப்பழம் உதிரும் காலமும் அதுவே. மந்திகள் மரக்கொப்பிலிருந்து சிந்தும் பழத்தையும் தளிரையும் உண்ண மான்கள் கீழே கூடும். நீரும் பழமும் மானை எங்கே கொண்டுவரும் என்பதை மான் அறிந்த அளவுக்கு வேட்டைக்காரனும் அறிவான். நீர்க்கரை மரத்திற் பரண் கட்டி இருளிற் காத்திருப்பான். தலையிற் கட்டிய மின்சூளை ஏற்றியதும் மானின் கண்கள் இரு நெருப்புத் துளிகளாக ஒளிரும். மானின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலமொன்று உண்டு. இருளிற் பகையைக் காண்பதற்கு இயற்கை அளித்த அக்கருவியே மானைக் காட்டிக்கொடுக்கின்றது. திடீரொளியில் மான் ஓடாது திகைத்து நிற்கும். பின்னர் இடியன் துவக்கின் ஒரு வெடி போதும். இன்னுஞ் சிலர் காய்ந்த புல்வெளிக்குத் தீ வைப்பர். சில நாளிற் சாம்பலிடையே முளைக்கும் இளம்புல்லை நாடி மான் தானே வரும். எரிந்த காட்டைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

வெடிச்சத்தம் காவலரை அழைத்துவிடும் என அஞ்சுவோர் கம்பிச் சுருக்கை நாடுகின்றனர். துவிச்சக்கரவண்டியின் தடைக்கம்பி ஒன்றிருந்தாற் போதும். சுருக்கு ஆளறியாது, இனமறியாது. நீதிமன்றத்திலே அகப்பட்டவன் வழக்கமாகக் கூறும் விடை, பன்றிக்கு வைத்தேன் என்பது. பன்றிக்கு வைத்ததில் மான் விழும். மானுக்கு வைத்ததிற் சிறுத்தை விழும். 2020 மே மாதத்தில் மலைநாட்டு நல்லதண்ணியிலே கருஞ்சிறுத்தையொன்று இவ்வாறு கம்பியில் அகப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. நம் நாட்டிற் காண்டற்கு மிக அரியதொரு விலங்கு அது.

எல்லாவற்றினும் கொடியது கட்டுத்துவக்கு. மரத்தடியிற் துவக்கைக் கிடையாகக் கட்டி, மான் நடக்கும் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய நூலை இழுத்து விசையோடு பிணைத்துவிடுவர். மானின் நெஞ்சு தட்டினால் வெடிக்கும்படி உயரம் அளந்து கட்டப்படும். அவ்வுயரம் மனிதனுக்கு முழங்காலுக்கும் தொடைக்கும் இடைப்பட்டது.

இனி என் காரணத்தைக் கூறுவேன். ஆசிரியப் பயிற்சி முடித்தபின் எனக்குக் கிடைத்த முதற் பாடசாலை காட்டோரக் கிராமமொன்றிலிருந்தது. போர் ஓய்ந்து மக்கள் மீளக் குடியேறிய காலம். கூரைக்குத் தகரமில்லாத வீடுகளிலிருந்துகூட எனக்குச் சோற்றுப் பொட்டலம் வரும். ஒருநாள் மரை வத்தற் கறி வந்தது. அதைப்போன்ற சுவையை நான் முன்னர் அறிந்ததில்லை. யார் கொன்றது, எங்கே கொன்றது என நான் வினவவில்லை; விருந்தை விசாரணை செய்வது பண்பன்று என எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். அடுத்த ஆண்டு தேனெடுக்கச் சென்ற என் மாணவன் ஒருவனின் தந்தை கட்டுத்துவக்கில் அகப்பட்டார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பயனற்றுப் போயிற்று. விசாரிக்க வந்த உத்தியோகத்தர்க்குக் கிராமம் முழுவதும் ஒரே விடை கூறியது: தெரியாது. துவக்குக் கட்டியவர் யாரென்பதை வகுப்பறைப் பிள்ளைகளின் பேச்சிலிருந்து நானும் அறிந்திருந்தேன். எனக்கு வத்தல் அனுப்பிய வீட்டுக்காரரே அவர். என்னையும் கேட்டனர். நானும் தெரியாது என்றே கூறினேன்.

ஒரு பாவத்தைச் செய்தவனைக் காட்டிலும் அதனை உண்டவனுக்கு வாய் திறப்பது கடினம் என்பதை அன்று கற்றேன். அதன் பின்னரே நூல்களைத் தேடினேன். மேலே எழுதியவற்றுட் பெரும்பகுதி அத்தேடலில் அறிந்ததாகும்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் யாவும் சீராகிவிடும் என்று கூறுவோரை நான் ஏற்றுக்கொள்வதில்லை. பொதுக்காட்டில் மானைக் காப்பதில் வெற்றி கண்ட நாடொன்று உண்டு. அந்நாடு வேட்டையை அடியோடு விலக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளைவால் மான் 1900 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 5 இலட்சமாகக் குறைந்திருந்தது என மதிப்பிடுவர். அதனை அழித்தவன் அடுப்புக்காகச் சுட்ட குடியானவனல்லன். புகைவண்டியில் இறைச்சியை நகரச் சந்தைக்கு ஏற்றியனுப்பிய வணிக வேட்டைக்காரன். 1900 இல் இயற்றப்பட்ட லேசி சட்டம், களவாகக் கொன்ற விலங்கை மாநிலங்களுக்கிடையே கொண்டுசென்று விற்பதை மத்திய அரசின் குற்றமாக்கியது. காட்டு மானிறைச்சி விற்பனையை மாநிலங்களும் தடைசெய்தன. சந்தை மூடப்பட்டது, வேட்டை மூடப்படவில்லை. பொதுமக்களுக்குரிய தேசிய காடுகளில் உரிமக் கட்டணம் செலுத்திய எவரும், செல்வரென்றும் வறியரென்றும் வேறுபாடின்றி, பருவமும் எண்ணிக்கையும் மீறாது வேட்டையாடலாம். கொன்றதை உண்ணலாம், விற்கலாகாது. நம் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937 இல் அங்கே வேறொரு சட்டம் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கியது. இன்று அங்கே அவ்வினத்து மான் ஏறத்தாழ 3 கோடி. தெருவிபத்துக்கும் பயிரழிவுக்கும் காரணமாகுமளவு பெருகிவிட்டமை இப்பொழுது அவர்களின் தொல்லை.

அம்முறையை இங்கே அப்படியே கொணரலாம் என நான் கூறவில்லை. வெள்ளைவால் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். நம் புள்ளிமானும் மரையும் வழக்கமாக ஒன்றே ஈனும். ஒரு பிணை வீழ்ந்தால் அடுத்த ஆண்டின் மறியும் அதனோடு வீழ்கின்றது. நம் காட்டிற் சிறுத்தையும் மானையே பெரிதும் நம்பி வாழ்கின்றது. எனவே உரிமம் தருவதை நான் வேண்டேன். அங்கிருந்து கற்கத்தக்கது ஒன்றே: மானை அழிப்பது பசியன்று, விலை. நான் அறிந்த கிராமத்திற் சுருக்கு வைத்தவன் தன் வீட்டுக்கு எடுத்தது தலையும் குடலுமே. நல்ல தசை உந்துருளியில் ஏறி நகரத்துக்குச் சென்றது. அங்கே அதனை வாங்கியவர்கள் பசித்தவர்களல்லர். படித்தவர்கள், பதவியிலிருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர்க்கு வன்னி மரை கொடுத்துப் பெருமை கொள்பவர்கள். இதனை வாசிக்கும் பழைய மாணவர்களுட் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவேன். நானும் உண்டவனாகையால் எழுதும் உரிமை எனக்கு உண்டு.

மனிதரிடையே மான் அச்சமின்றி வாழமுடியும் என்பதற்குத் திருகோணமலை சான்று. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிற் கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் அடியார் நடுவே நடமாடுகின்றன. அவற்றை எவரும் இறைச்சி எனப் பார்ப்பதில்லை. அங்கேயும் குறையொன்றுண்டு: அன்பினால் எறியப்படும் உணவோடு பொலித்தீன் பையும் அவற்றின் வயிற்றுக்குட் செல்கின்றது.

சென்ற ஆண்டு ஆவணியில் அந்தக் கிராமத்துக்குச் சென்றேன். கால் ஊனமுற்ற அந்தத் தந்தை இப்பொழுது காட்டோரத்தில் அரை ஏக்கரிற் பயறு விதைத்து, காவற்கொட்டிலில் இரவிரவாகக் கண்விழிக்கின்றார். கொட்டிலின் வளையில் ஒரு பழைய தகரமும் தடியும் தொங்கின. துவக்கு இல்லை. கட்டுத்துவக்குக் கட்டியவரின் பெயரை அன்றுதான் முதன்முறையாக அவர் எதிரிலே நான் சொன்னேன். சொல்லத் தவறியதையும் சொன்னேன். “அது எனக்கும் அப்பவே தெரியும், சேர்,” என்றார். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, மான் பயிருக்குள் வரும் வழியைத் தடியாற் சுட்டிக்காட்டினார். “தகரத்தைத் தட்டினால் மான் போயிடும். பன்றிதான் போகாது.”